புல எண் தெரியாமல் கேட்ட கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தேன். பீடிக் கம்பெனி பாஸ் புத்தகத்தில் ஒரு பெயரும் ஆதார் அட்டையில் வேறொரு பெயரும் இருப்பதால், தம்முடைய வருங்கால வைப்பு நிதியை வாங்க முடியாமல் பல மாதங்களாக அலைந்துகொண்டிருக்கும் எங்கள் தெருப் பெண்மணி ஒருவருக்கான மனு அது. அவர் எதிரே அமர்ந்து, சுளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் தூளை இட்டுச் சுருட்டி, விரலைப் பார்க்காமலேயே நூல் கட்டியபடி, தம் பெயரின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். மாமியாருக்கும் அதே பெயர் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் வைத்த பெயர். கணக்கப்பிள்ளை தம் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட பெயர் என்று மூன்று பெயர்கள் அவருக்கு.

பக்கத்தில் இருந்த அவருடைய மகளின் கைபேசியில், ஒரு நடிகர் மேடையிலிருந்த அதிகாரிகளைப் பார்த்துச் சூடாகக் கேள்வி கேட்கும் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "அண்ணாச்சி, இவுக மாதிரி ஒருத்தர் எனக்காக ஒரு வார்த்த கேட்டா, எம் பணம் நாளைக்கே வந்துரும்லா?"

"வரலாம் தங்கச்சி, வராமலும் போகலாம்" என்று சொல்லி வைத்தேன். முப்பது ஆண்டுகள் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் சொல்லத்தக்க பதில் அல்ல அது. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தின் கடைமடையில் உள்ள ஊர் எங்களுடையது. முதல் போகமான கார் சாகுபடியை எப்போதோ கைவிட்டுவிட்டோம். அடுத்த போகமான பிசானத்துக்காவது குளம் நிறைந்தால் போதும் என்று இருந்தவர்களுக்கு, அதுவும் பொய்க்கத் தொடங்கியது. காரணம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கால்வாயிலிருந்து பிரிந்து குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ஏறக்குறைய முந்நூறு மீட்டர் தூரத்தை இருபுறமும் நெருக்கி, வாழையும் போட்டு, ஓரிடத்தில் சுவரும் எழுப்பிவிட்டார்கள். வரத்துக்கால் அடைபட்ட பிறகு குளத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் பயனில்லை. இதைப் புல எண்ணோடும் (சர்வே எண்) புலப்படத்தோடும் எழுதி நாங்கள் கொடுத்த மனுக்கள் எத்தனையோ.

அந்தச் சமயத்தில்தான், ரசிகர் மன்றத்துப் பிள்ளைகளின் முயற்சியால், ஒரு நடிகர் எங்கள் குளத்தைப் பார்க்க வந்தார். அவர் நல்ல மனதோடுதான் வந்தார் என்பதை இன்றும் நம்புகிறேன். வெயிலில் கரை முழுவதும் நடந்தார், சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்ததைப் பார்த்து உண்மையிலேயே வருந்தினார். வரச் சொல்லியிருந்த ஓர் அதிகாரி கரையில் காத்து நின்றார். இருநூறு பேரும் நாலைந்து கேமராக்களும் சூழ, நடிகர் அவரிடம் கேட்டார்: "இந்தக் குளத்தைத் தூர்வார இத்தனை வருஷமா உங்களுக்கு மனசு வரலையா?" அதிகாரி ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, "பதினைந்து நாளில் தூர்வாரிவிடுகிறோம்" என்றார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

எங்கள் மடையைத் திறந்து அடைக்கும் பெரியவர் ஒருவர் அன்று மஞ்சள் பையோடு வந்திருந்தார். பையில் புலப்படத்தின் ஒளிநகல் நாலாக மடித்து இருந்தது. வரத்துக்கால் அடைபட்ட இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். அதை நடிகரின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய எண்ணம். பாதுகாப்புக்கு வந்த வாட்டசாட்டமான இளைஞர்கள் அவரை மூன்று முறை மரியாதையாகவே ஒதுக்கி நிறுத்தினார்கள். மூன்றாம் முறை அவர் கரையிலிருந்து இறங்கி, உபரி நீர் வழியும் கலுங்குக்கு அருகில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சொன்னபடியே பதினைந்து நாளுக்குள் பொக்லைன் வந்தது. கருவேலத்தைப் பிடுங்கியது, கரையோரத்தில் கொஞ்சம் மண்ணை வாரிப் போட்டது, படம் எடுத்துக்கொண்டார்கள். வரத்துக்கால் அப்படியே கிடந்தது. அந்தப் பிசானத்திலும் குளத்துக்குத் தண்ணீர் வரவில்லை. மறுபடியும் மனு கொடுத்தபோது எங்களுக்கு வந்த பதிலில், குளம் ஏற்கெனவே தூர்வாரப்பட்டுக் குறை தீர்க்கப்பட்டுவிட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. தவறான கேள்விக்குக் கிடைத்த சரியான பதில், எங்களுடைய சரியான கேள்வியை மூடிவிட்டது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

இதை வைத்து, பிரபலமானவர்கள் அதிகாரத்தை நேருக்கு நேர் கேட்பதே வீண் என்று நான் முடிவுகட்டவில்லை. அப்படி முடிவுகட்ட முடியாதபடி ஒரு நிகழ்ச்சி 2009இல் பிரிட்டனில் நடந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் பணியாற்றிய நேபாளத்துக் கூர்க்கா வீரர்களில், 1997 ஜூலைக்கு முன்பு ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த நாட்டில் குடியிருக்கும் உரிமை தானாகக் கிடைக்கவில்லை. கூர்க்காப் படையின் தலைமையகம் அதுவரை ஹாங்காங்கில் இருந்தது என்பது அரசு சொன்ன காரணம். அவர்களுக்காக முன்னே வந்து நின்றவர் ஜோனா லம்லி என்னும் நடிகை. ஸ்ரீநகரில் பிறந்தவர்; அவருடைய தந்தை ஆறாவது கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவில் மேஜராக இருந்தவர். ஆகவே அந்த வீரர்களின் கதை அவருக்கு யாரோ எழுதிக் கொடுத்த கதை இல்லை, வீட்டுக்குள்ளேயே கேட்டு வளர்ந்த கதை.

2009 மே 7ஆம் தேதி நடந்ததைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய நாள்தான் அவர் பிரதமர் கார்டன் பிரவுனைச் சந்தித்து நம்பிக்கையோடு திரும்பியிருந்தார். மறுநாளே சில கூர்க்காக்களின் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டிருக்கும் செய்தி வெளியாயிற்று. நாடாளுமன்றத்துக்கு அருகில் உள்ள பிபிசி நிலையத்துக்கு வந்திருந்த குடியேற்றத்துறை அமைச்சர் பில் வூலஸை லம்லி அங்கேயே பிடித்துக்கொண்டார். இருவரும் பேசி முடித்து வெளியே வந்தபோது, கேமராக்களின் முன்னால் அமைச்சரை அருகில் நிறுத்திக்கொண்டு, அவர் எதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார் என்பதை லம்லியே ஒவ்வொன்றாகச் சொன்னார். அமைச்சர் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த இரண்டு வாரத்தில், மே 21ஆம் தேதி, நான்கு ஆண்டுகளாவது பணி செய்த முன்னாள் கூர்க்காக்கள் அனைவரும் குடியேறலாம் என்று உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித் அறிவித்தார்.

அந்தச் சில நிமிடக் காட்சியை மட்டும் பார்ப்பவர்கள், ஒரு நடிகையின் குரலுக்கு அரசு பணிந்தது என்று எண்ணுவார்கள். ஆனால் அந்தக் காட்சிக்குப் பின்னால் இருந்தவை என்னென்ன? கூர்க்காக்களின் வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய வழக்கில், அரசின் கொள்கை சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2008 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2009 ஏப்ரல் 24ஆம் தேதி அரசு கொண்டுவந்த புதிய விதிகள், சாதாரணச் சிப்பாயாக ஓய்வு பெற்றவர்களில் மிகச் சிலரே தேறக்கூடிய விதிகளாக இருந்தன. அதை எதிர்த்து ஏப்ரல் 29ஆம் தேதி எதிர்க்கட்சி கொண்டுவந்த தீர்மானம் 267க்கு 246 என்ற வாக்குகளில் வென்று, ஆளுங்கட்சி தன் மன்றத்திலேயே தோற்றுப்போயிற்று. ஆக, லம்லி அமைச்சரை நிறுத்திக் கேட்டபோது அவருடைய கையில் ஒரு தீர்ப்பும் ஒரு வாக்கெடுப்பும் இருந்தன. மார்பில் பதக்கங்களோடு அந்த முதியவர்களும் அவருடன் போராட்டக் களத்தில் நின்றார்கள். எந்த விதியில் எந்த நிபந்தனை குத்துகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில், அது மஞ்சள் பைக்குள்ளேயே மடங்கிக் கிடந்தது.

இதே வரிசையில், அப்போது மான்செஸ்டர் யுனைடெட் அணியில் ஆடிக்கொண்டிருந்த கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டையும் சொல்லலாம். கோடை விடுமுறையிலும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி உணவுக்கான உதவி தொடர வேண்டும் என்று 2020 ஜூன் 15ஆம் தேதி அவர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மறுநாளே அரசு இறங்கி வந்தது. அப்போது அவருக்கு 22 வயது. அந்த உணவைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை அவர், பசியைப் பற்றி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்த எட்டயபுரம், எங்கள் பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தச் சோற்றின் அருமை தெரிந்த எங்களுக்கு அந்தக் கடிதம் எட்டாத தேசத்துச் செய்தியாகப் படவில்லை.

லம்லியின் கதையில் நான் மறைக்க விரும்பாத பகுதி ஒன்றும் உண்டு. குடியிருக்கும் உரிமை கிடைத்த பிறகும், 1997க்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்காக்களின் ஓய்வூதியம் பிரிட்டிஷ் வீரர்களுடையதைவிட மிகவும் குறைவாகவே நின்றது. அதன் பிறகு எழுந்த சிக்கல்களைப் பற்றி லம்லி வாய் திறக்கவில்லை என்று 2010இல் ஓர் அமைச்சர் குற்றம் சாட்டி, பிறகு அதற்காக மன்னிப்பும் கேட்டார். 2021 ஆகஸ்டில் அந்த ஓய்வூதியத்துக்காகவே முன்னாள் வீரர்கள் லண்டனில் பிரதமர் இல்லத்துக்கு எதிரே பட்டினி கிடந்தார்கள். கேமராக்கள் ஒருமுறை வந்துபோன பிரச்சினையைப் பற்றி, அது தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் ஊரில் எப்படியோ பரவிவிடுகிறது. எங்கள் குளத்துக்கும் அதே கதிதான்.

நேருக்கு நேர் கேட்பது என்றால் திருநெல்வேலிக்காரனுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது 1908. அந்த ஆண்டு வ.உ.சிதம்பரம் பிள்ளையைவிடப் புகழ் பெற்ற மனிதர் இந்தச் சீமையில் யாரும் இல்லை. வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் கம்பெனி நடத்தியவர். பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, அவரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்று, கோரிக்கைகளில் பெரும்பகுதியை வாங்கிக் கொடுத்தார்கள். வங்கத்து விடுதலைப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடிய பிறகு, கலெக்டர் விஞ்ச் அவர்களை அழைத்து, திருநெல்வேலியை விட்டு வெளியேறச் சொன்னார். வ.உ.சி. மறுத்துவிட்டார். அந்தச் சந்திப்பைக் கலெக்டரின் கூற்றாகவும் வ.உ.சி.யின் மறுமொழியாகவும் பாரதி இரண்டு பாடல்களாக எழுதினார். மார்ச் 12ஆம் தேதி கைது. மறுநாள் திருநெல்வேலி நகரம் கொதித்தெழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள் தண்டனைகள். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டாலும், கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்ததை இந்த மண் மறக்கவில்லை.

வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தும்போது மாணவர்களிடம் நான் ஒன்றை வலியுறுத்துவது வழக்கம். வ.உ.சி. கலெக்டரிடம் மறுத்துப் பேசிய அந்தக் கணத்துக்கு முன்னால், மில் தொழிலாளியின் கூலி என்ன, வேலை நேரம் என்ன, வார விடுமுறை உண்டா இல்லையா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தக் கணத்துக்குப் பின்னால் வந்த விலை முழுவதையும் அவரே கொடுத்தார். கம்பெனியும் போயிற்று, வக்கீல் தொழிலும் போயிற்று. இந்தக் காலத்துப் பிரபலங்கள் செக்கிழுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்ட மறுநாளும் அந்த ஊரின் பெயர் அவர்களுக்கு நினைவிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நம் கடற்கரையில் நான் கண்டவை பெரும்பாலும் வேறு வகை. 2011 நவம்பர் 6ஆம் தேதி அப்துல் கலாம் கூடங்குளத்துக்கு வந்தார். இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்னே பந்தல் போட்டு மக்கள் போராடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர் அணு உலையைப் பார்வையிட்டார், பாதுகாப்பானது என்றார், சுற்றியுள்ள ஊர்களுக்கு 200 கோடி ரூபாயில் பத்து அம்சத் திட்டம் ஒன்றையும் முன்வைத்தார். ஆனால் பந்தலுக்குப் போகவில்லை. அவருடைய அறிவியல் சரியா தவறா என்பதில் நான் நுழைய மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை. அவரைப் போல இந்த மக்களின் மதிப்பைப் பெற்றவர், கடற்கரையில் பிறந்தவர், சில கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த பெண்களின் எதிரில் அமர்ந்து அவர்கள் கேட்பதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் இன்றுவரை போகவில்லை.

2018 மே 22ஆம் தேதி, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில், தூத்துக்குடியில் அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு, மே 30ஆம் தேதி, ரஜினிகாந்த் அரசு மருத்துவமனைக்கு வந்தபோது, சிகிச்சையில் இருந்த இளைஞர் ஒருவர் அவரிடம் "யார் நீங்க?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் அந்த முகத்தைத் தெரியாதவர் உண்டா? நூறு நாள் உட்கார்ந்திருந்தபோது எங்கே இருந்தீர்கள் என்பதை அந்த இளைஞர் இரண்டே சொல்லில் கேட்டதாகத்தான் நான் புரிந்துகொண்டேன். போராட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்று அன்றைக்கே நடிகர் சொன்னது, காயம்பட்ட வீடுகளில் எப்படி இறங்கியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அது குறை கூறியது காவல்துறையையும் நிர்வாகத்தையும்தான். அதிகாரத்தைப் பார்த்துக் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பாதிக்கப்பட்டவர்களை நோக்கித் திருப்புவது, கேட்காமல் இருப்பதைக் காட்டிலும் மோசமானது.

நல்லகண்ணு ஐயாவை நடிகர்களோடு சேர்த்து எண்ண முடியாது. ஆனால் இந்தப் பகுதியில் அவரை அறியாதவர் இல்லை என்பதால் இங்கே சொல்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து இந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர், மணல் கொள்ளையை எதிர்த்து மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வந்தது. எந்த மேடையிலும் எந்த அதிகாரியும் கூனிக்குறுகி நிற்கவில்லை, கைதட்டலும் இல்லை. லாரிகள் நின்றன.

இத்தனையும் சொல்லிவிட்டு, பிரபலம் வேண்டாம் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மனு வாங்கும் நாளில், கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் உட்பட, தீக்குள் போயிற்று. ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்தவர்கள் அவர்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே நமக்குச் சட்டம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் ஒரு மனுவையாவது, ஊரறிந்த யாராவது ஒருவர், ஒரே ஒருமுறை, கையில் பிடித்துக்கொண்டு "இதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று உரக்கக் கேட்டிருந்தால், அந்தத் திங்கட்கிழமை வேறு மாதிரி விடிந்திருக்குமோ என்று நான் பல இரவுகள் நினைத்ததுண்டு. எங்கள் பகுதிக்கு ஒரு லம்லி தேவைப்பட்ட நாள் உண்டென்றால் அது அதற்கு முந்தைய வாரம்.

ஆகவே இனி யாராவது ஒரு பிரபலம் எங்கள் பக்கம் வருவதாக இருந்தால், அவரிடம் கேட்டுக்கொள்ள எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வருவதற்கு முந்தின நாள் இரவு அந்த மனுவை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். மறுநாள் அதிகாரியின் எதிரில் நிற்கும்போது, அந்த மனுவை எழுதியவரையும் உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கேமரா உங்களைத்தான் பார்க்கும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. எந்தப் புல எண், எந்த விதி, எந்தத் தேதியில் கொடுத்த மனு என்பதை அவர் சொல்லட்டும். அதிகாரியும் அப்போது பதினைந்து நாள் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

மனுவை எழுதி முடித்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. பெயர் மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்பதற்கு என்னென்ன சான்று இணைக்க வேண்டும் என்று சொன்னேன்: பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, கம்பெனி கொடுக்க வேண்டிய கடிதம். அவர் சுளவைக் கீழே வைத்துவிட்டு, தூள் ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்து, பள்ளிக்கூடத்துப் பெயரை எழுத்து எழுத்தாகக் கையொப்பமிட்டார். பிறகு மகளிடம் சொன்னார்: "ஏட்டி, இத ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. ஒண்ணுல சீல் போட்டு வாங்கிக்கிடணும்."